குற்றால மலையின் குறிப்பேடுகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தென்காசியில் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் சாரலையே காணோமே" என்று ஒருவர் தொடங்குவார். "எங்க காலத்துல ஜூன் ஒண்ணாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கும், அன்னைக்கே சாரல் விழுந்திரும். புத்தகப் பை நனையாம வீடு வந்து சேர்ந்த நாளே கிடையாது" என்று இன்னொருவர் முடிப்பார். நீங்களும் இப்படிச் சொல்லியிருப்பீர்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர், "எந்த வருசம் அய்யா? எத்தனை நாள் பெஞ்சுது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. நினைவு இருந்தது, கணக்கு இல்லை.

நாடு முழுவதற்கும் கணக்கு உண்டு. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பருவநிலை மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. 1951-க்கும் 2015-க்கும் இடையே தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு குறிப்பாகத் தெரியும் இடங்கள் இரண்டு என்கிறது அந்த அறிக்கை. ஒன்று கங்கைச் சமவெளி, மற்றது மேற்குத் தொடர்ச்சி மலை. அதாவது நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை.

ஆனால் நாட்டுக் கணக்கை வைத்து நம் ஓடையைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு இந்த மலையிலேயே உட்கார்ந்து, பார்த்து, தேதி போட்டு எழுதியவர்களின் குறிப்புகள் வேண்டும். அப்படி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளாக ஒருவர் பின் ஒருவராக வந்திருக்கிறார்கள். அவர்களில் பலருடைய பெயர் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்களைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

முதலில் நம் ஊர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்து மலைச்சரிவில் மோதித் தன் மழையைக் கொட்டிவிடுகிறது. அதனால்தான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி அந்த மாதங்களில் மழைமறைவாகக் கிடக்கிறது. நமக்கு மட்டும் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் என்ற வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக வரும் ஈரக்காற்றின் மிச்சம்தான் சாரல். அதே காற்றுதான் ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளையும் சுற்றுகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வருகிறது. ஒரே மலை, இரண்டு மழை. செடிகொடிகளை ஆராய்கிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்றாலும் இங்கே நடந்த பழைய ஆராய்ச்சி இயற்கையைக் காப்பதற்காக நடந்ததல்ல. லாபத்துக்காக நடந்தது. ஜாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் கையிலிருந்த கிழக்குத் தீவுகளில் விளைந்த காலம் அது. அந்த வியாபாரத்தைப் பிடிக்க ஆசைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுப் பார்த்தது. ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கம் எல்லாம் இந்த மண்ணில் வேர்பிடித்தன. சீசன் நேரத்தில் குற்றாலக் கடைகளில் நீங்கள் பேரம் பேசி வாங்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும்கூட மலேயாப் பக்கத்து மரங்கள்தான். வந்தேறி என்று யாரும் அவற்றைச் சொல்வதில்லை. அந்த அளவுக்கு ஊரோடு ஒன்றிவிட்டன.

1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவின் மருத்துவராக இருந்தவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், 1796-ல் பிறந்தவர், 1819-ல் மதராஸ் வந்தவர். மருத்துவம் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. மனம் முழுக்கச் செடிகளில்தான். குற்றாலத்துக்கு வந்து அருவிக்கரையிலும் மலைச்சரிவிலும் செடிகளைப் பறித்து, தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் எடுத்த இடத்தைக் குறித்தார். அவருடைய நூல்களைப் புரட்டினால் ஆங்கிலேயர் வழக்கப்படி 'கோர்ட்டாலம்' என்ற ஊர்ப்பெயர் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோனெஸ்' என்ற படநூல் வரிசையில் 2,101 படங்கள் இருக்கின்றன.

அந்தப் படங்களை வைட் வரையவில்லை. வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். ஒரு பூவை அறுத்து, சூலகத்தையும் மகரந்தத் தாளையும் உருப்பெருக்கியில் பார்த்து, இம்மி பிசகாமல் தாளில் இறக்கியவர்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்து 'கோவிந்தூயா' என்று அழைத்தார். பிற்காலத்துத் தாவரவியலார் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

குற்றால மலையின் செடிகொடிகளைப் பற்றிப் பேச வந்துவிட்டு மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். குறவஞ்சியிலிருந்து இங்கே ஒரு வரியும் எடுத்துக் காட்டப் போவதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். கவிராயர் மலையைப் பாடினார், குரங்கைப் பாடினார், தேனைப் பாடினார். ஆனால் பாட்டுக்குத் தேதி கிடையாது. எந்த மாதம், எந்த ஓடையின் ஓரம், எந்த மரம் பூத்திருந்தது என்று அவர் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வைட்டின் தாளில் கவிதை இல்லை. அதில் இருப்பது ஒரு காய்ந்த கிளை, ஓர் ஊர்ப்பெயர், ஒரு காலக்குறிப்பு. இரண்டு நூற்றாண்டு கழித்து 'இந்த மரம் முன்பு இங்கே இருந்ததா?' என்ற கேள்வி வரும்போது சாட்சிக் கூண்டில் ஏறுவது அந்தத் தாள்தான்.

அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? முக்கியமாக எடின்பரோவிலும் லண்டன் கியூ தோட்டத்திலும். நம் அருவிக்கரையில் என்ன வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து போக வேண்டியிருந்தது. இன்று அங்கே இருக்கும் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். பின்னால் சேகரிக்கப்பட்டவை கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் பொறுப்பிலுள்ள மதராஸ் ஹெர்பேரியத்தில் இருக்கின்றன. ஜே. எஸ். கேம்பிள் தொடங்கி சி. இ. சி. ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல், 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. குற்றாலத்தின் பெயரையே சுமக்கும் நாவல் இனத்து மரம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தவர் கேம்பிள்தான். சிசிஜியம் கோர்ட்டாலென்ஸ் என்பது அதன் இன்றைய பெயர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர், கொச்சிப் பக்கம். குற்றாலமோ மதராஸ் மாகாணம். ஒரே காட்டின் ஒரு பாதி மதராஸ் புத்தகத்திலும் மறுபாதி, திருவிதாங்கூர் வனக் காப்பாளராக இருந்த டி. எஃப். போர்டில்லன் 1908-ல் வெளியிட்ட மரங்களின் நூலிலும் கிடக்கிறது. மரத்துக்கு எல்லைக்கல் தெரியாது. ஆராய்கிறவர் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

சிங்கம்பட்டியின் பெயரைத் தாங்கிய ஒரு மரத்தின் கதையை மட்டும் இங்கே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். யூஜீனியா சிங்கம்பட்டியானா என்று அதற்குப் பெயர் வைத்தவர் வனத்துறை அதிகாரி பெடோம். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் அது யாருடைய சேகரிப்பிலும் சிக்கவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். பிறகு தாவரவியலார் அதை மீண்டும் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அகத்தியமலைக் காணி மக்கள் அதைக் 'காட்டுக் கொரண்டி' என்று பெயர் சொல்லி, தொண்டை வலிக்கு மருந்தாகப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். 'காணாமல் போனது' என்று ஆய்வேட்டில் படித்தால், யாருக்குக் காணாமல் போனது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் பக்கத்துக் கல்லூரிகளே இந்த வேலையைக் கையிலெடுத்தன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் வி. எஸ். மாணிக்கமும் அவருடைய மாணவர்களும் பெரணிச் செடிகளைத் தேடி மலை மலையாக ஏறினார்கள். மாணிக்கமும் வி. இருதயராஜும் எழுதிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகள் பற்றிய நூல் 1992-ல் வந்தது. பூக்காத, காய்க்காத செடிக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். அருவித் திவலை தெறிக்கும் பாறை இடுக்கில் வளரும் பெரணி, ஈரம் ஒரு பருவம் தவறினாலே வாடிப்போகும். காடு காய்கிறது என்பதை நமக்கு முன்னால் சொல்லிவிடும் செடி அது.

இனி நம் மலையின் தெற்குப் பக்கம் போவோம். குற்றாலத்திலிருந்து தெற்கே கடனா நதி, பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று நீளும் அதே அகத்தியமலைத் தொடர்தான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஸ்டீவன் கிரீன், கரென் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கே வந்து, சிங்கவால் குரங்கின் பின்னால் காடு காடாக அலைந்தார்கள். என்ன தின்கிறது, ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு காடு தேவை, அந்தக் காடு எங்கெங்கே துண்டுபட்டிருக்கிறது என்று எழுதினார்கள். அந்தக் குரங்கு தரையில் அதிகம் இறங்காது. மரத்துக்கு மரம் தொடர்ச்சி அறுந்தால் அதன் உலகம் அங்கேயே முடிந்துவிடும். 1976-ல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது அந்தக் குரங்கே முக்கியக் காரணமாக இருந்தது. 1962-லிருந்தே புலிகளுக்கெனச் சரணாலயமாக இருந்த முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து 1988-ல் புலிகள் காப்பகமாயின. நம் மாநிலத்தில் ஒரு குரங்கைப் பற்றிய ஆராய்ச்சி காட்டின் தலையெழுத்தை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

குற்றால மலைக்கு அந்த யோகம் அப்போது வாய்க்கவில்லை. நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என்ற பெயரில் குற்றாலம், கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வரையிலான காடுகள் பாதுகாப்புக்குள் வந்தது 2015-ல்தான். களக்காட்டுக்கும் நமக்கும் 39 வருட இடைவெளி. காப்பகம் ஆன இடத்துக்கு ஆய்வாளர்கள் போனார்கள். அருவி இருக்கிற இடத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன.

மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி இருக்கிறது. மாஞ்சோலை போயிருந்தால் உங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பிரியா தாவீதாரிடம் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த டி. கணேஷும் சௌபத்ரா தேவியும், அவர்களோடு தாவரவியலார் ஆர். கணேசனும் அங்கே வேலை தொடங்கினார்கள். வேலை கேட்பதற்கு எளிது. அடையாளமிட்ட மரங்களை மாதந்தோறும் போய்ப் பார்க்க வேண்டும். எது துளிர்விட்டது, எது பூத்தது, எது காய்த்தது என்று எழுத வேண்டும். அட்டைக்கடியிலும் அடைமழையிலும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்வது எப்படி என்பதை மலையேறிப் பார்த்தவர்கள் அறிவார்கள். மரங்களின் உச்சிக்கே கயிறு கட்டி ஏறி, எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று சௌபத்ரா தேவி பார்த்தார். 86 மர இனங்களைப் பற்றிய அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகைப் பூச்சியையோ பிராணியையோ நம்பி இருக்கின்றன என்பது அதன் முடிவு. பூக்கும் மாதம் மாறி, தேனீ வரும் மாதம் மாறாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட குறிப்பின் மதிப்பு உடனே தெரியாது. ஜப்பானில் கியோட்டோ நகரத்து அரசவைக்காரர்களும் துறவிகளும் செர்ரி மரம் பூத்த நாளைத் தங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள், விருந்துக்கு நாள் குறிப்பதற்காக. யசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அவற்றையெல்லாம் தேடித் தொகுத்து, 9-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போனார். 2021-ல் கியோட்டோவில் மார்ச் 26-ஆம் தேதியே பூ உச்சத்தை எட்டியது. அந்தப் பதிவேட்டிலேயே அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. எழுதியவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது.

இப்போது நம் மாவட்டத்துக்கே திரும்பி வருவோம். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் ரயிலில் ஆழ்வார்குறிச்சி நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். சிவசைலம் பரமகல்யாணி அம்மன் பெயரில் அங்கே ஒரு கல்லூரி இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே எம். அருணாசலமும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட பொருள், மலை ஓடைகளில் வாழும் மீன்கள்.

மீன் என்றால் சந்தைக்கு வரும் மீன் அல்ல. விரல் நீளம், அதற்கும் குறைவு. ஓடையில் வலையோடு இறங்கி, பிடித்து, அளந்து, எண்ணி, திரும்ப விட வேண்டும். கூடவே ஓடையின் அகலம், ஆழம், நீரின் வேகம், அடியில் மணலா கூழாங்கல்லா பாறையா, மேலே மர நிழல் எவ்வளவு என்பதையெல்லாம் எழுத வேண்டும். இதைப் பல ஓடைகளில் செய்தபோது ஒரு விஷயம் தெளிவானது. ஒரே ஓடையில் இருந்தாலும் ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி வீடு. ஒன்று தேங்கிய மடுவில் இருக்கும். ஒன்று சலசலத்து ஓடும் மேட்டில் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். அயிரை வகை கல்லிடுக்கில் கிடக்கும். ஓடையை மறித்தாலோ, மணலை அள்ளினாலோ, நிழல் தந்த மரத்தை வெட்டினாலோ தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒருவருடைய வீடு போய்விடும்.

பாபநாசத்துக்கு மேலே கன்னிகட்டியில் கிடைத்த ஒரு சிறு கெண்டைக்கு, அருணாசலமும் ஜே. ஏ. ஜான்சனும் 2003-ல் அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். தாமிரபரணியின் பெயரைத் தாங்கிய இன்னொரு கெண்டையை 1954-லேயே இ. ஜி. சைலஸ் விவரித்திருந்தார். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் நம் ஆற்றுப் படுகையில் மட்டும் வாழும் மீன் அது. 2012-ல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் நண்பர்களும் அந்தக் கெண்டையையும் அதன் உறவுகளையும் தனிப் பேரினமாக்கி, பரிணாம அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ் பெயரில் 'டாக்கின்சியா' என்று அழைத்தார்கள். கோயில் குளக்கரையில் பொரி வாங்கிப் போடும் நமக்கு, ஆக்ஸ்ஃபோர்டு நாத்திகரின் பெயரோடு ஒரு மீன் தாமிரபரணியில் நீந்துகிறது என்பது தெரிந்திருக்க வேண்டாமா?

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் உத்தரவிட்டபோது நம்மில் சிலர் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்காத குற்றாலம் என்ன குற்றாலம் என்றார்கள். பேரருவியில் விழுந்த தண்ணீர் அங்கே நிற்பதில்லை. அதுதான் சிற்றாறு. தென்காசியைத் தாண்டி, குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. நுரை நம் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓடையின் அடியில் பாசியையும் பூச்சிப் புழுவையும் தின்று வாழ்கிற உயிர்களிடம் போய்ச் சேரத்தான் செய்யும். தனியார் விடுதிகள் ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-ல் அதே நீதிமன்றத்துக்குப் போனது. ஓடையைத் திருப்புவது என்றால் என்ன என்பதை மேலே சொன்ன மீன் வீடுகளை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

சாரலைக் கொண்டுவரும் கணவாய்க்கு இன்னொரு முகமும் உண்டு. நமக்கு அது வாசல். மலைமேல் வாழும் உயிர்களுக்கு அது அகழி. உச்சியிலுள்ள சோலைக்காட்டில் மட்டும் வாழும் ஒரு சிறு பாட்டுப் பறவையை வி. வி. ராபினும் உடன் ஆய்வாளர்களும் மரபணு வழியாக ஆராய்ந்தபோது, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ளது தனி இனம் என்று தெரிந்தது. 2017-ல் அதற்கு 'அசம்பு சோலைக்கிளி' என்ற பொருளில் பெயர் வந்தது. கிளி என்றாலும் கிளியல்ல, பச்சையும் அல்ல. மலை சூடேறினால் உயிர்கள் குளிர்ச்சியைத் தேடி மேலே ஏறும் என்பார்கள். இந்தப் பறவை ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது.

அகழியை நாமும் ஆழப்படுத்தியிருக்கிறோம். கொல்லம் ரயில் பாதை 1904-ல் கணவாய் வழியாகத் திறந்தது. பிறகு சாலை, தோட்டங்கள், வீடுகள். பெரியாறு பக்கத்து யானைகளும் அகத்தியமலைப் பக்கத்து யானைகளும் பிரிந்துபோயின. நாங்குநேரியில் பிறந்து நாடறிந்த வனவிலங்கு அறிஞரான ஏ. ஜே. டி. ஜான்சிங் இந்த இணைப்பு மீண்டும் ஏற்பட வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். 2024 ஜூனில் அவர் காலமானார்.

அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 மே 17, வெள்ளிக்கிழமை. சாரல் காலம் தொடங்கவே இல்லை, கோடை மழைதான். பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். படிக்கட்டில் மக்கள் அலறி ஓடிய காட்சியை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம்.

நம் அருவிகளின் நீர்ப்பிடிப்பு சிறியது, செங்குத்தானது. மேலே கொட்டும் மழை கீழே வர மணிக்கணக்கு ஆகாது. குளிக்கிறவர் தலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஊருக்குள் பதிவாகும் மழையளவை வைத்து மலைக்குள் பெய்ததை அறிய முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று மாவட்டம் முழுக்க அப்படியா பெய்தது? மழை இப்போது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது உண்மையா, எவ்வளவு உண்மை என்று சொல்ல, தெருவுக்குத் தெரு அளந்து வைத்த கணக்கு வேண்டும். அந்த மாணவர் தேநீர்க் கடையில் கேட்டது இதைத்தான்.

ஊர்மக்களும் சேர்ந்து செய்கிற வேலை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ நிறுவனம் நடத்தும் அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவள காப்பு மையம், 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறது. எண்ணுகிறவர்களில் மாணவர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் உண்டு. நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும், மீதியை அங்கே சொல்லித் தருவார்கள்.

மழைக்கு அதைவிடச் சுலபம். அடியும் மேலும் ஒரே அகலமுள்ள தட்டை அடிப் பாத்திரம் ஒன்று, மில்லிமீட்டர் போட்ட அளவுகோல் ஒன்று. மரமோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில், மொட்டை மாடி நடுவில், காற்றில் சாயாதபடி வைக்க வேண்டும். வானிலைத் துறை கணக்குப்படி தினமும் காலை 8.30-க்குப் பார்த்து, நின்ற நீரின் உயரத்தை எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். 1,000 சதுர அடி மாடியில் அது ஏறத்தாழ 930 லிட்டர்.

மழை பெய்யாத நாளிலும் எழுத வேண்டும். பலரும் தவறுகிற இடம் இதுதான். கட்டத்தை வெறுமையாக விட்டால் அன்று யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பூஜ்யம் போட்டால், பார்த்தேன், பெய்யவில்லை என்று பொருள். சாரலின் தூறல் அளவுகோலில் ஏறாத நாள்களில் 'தூறல்' என்று எழுதினால் போதும். வரும் ஜூன் 1-ஆம் தேதி காலையிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணம். தெருவுக்கு ஒரு வீடாவது வேண்டும். மாடியில் இடமும், காலை 8.30-க்கு வீட்டில் ஆளும் உள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். குறிப்பேட்டைச் சங்கமே வாங்கித் தரும்.